அனுபவப் பகிர்வு: விரதம், ஜக்காத், தலைக்கட்டு வரி, துருத்தி. விதியை எங்கே இளக்குவது?

மேலமாசி வீதி:
மதுரையில் சித்திரைத் திருவிழா முடிஞ்சாச்சு. ஊர்ப்பக்கம் வைகாசிப் பொங்கல் சாட்ட (நாள் குறித்து ஊருக்கு அறிவிக்க) ஆரம்பிச்சிருவாங்க. கூடவே வருஷா வருஷம் வரும் தகராறுகளும் வரும்: சுகர் மாத்திரை போடுகிறவர் விரதம் இருக்கலாமா, சீட்டுப் பணத்துக்கு ஜக்காத் (முஸ்லிம்கள் சொத்திலிருந்து வருஷா வருஷம் கொடுக்கும் கடமையான தர்மம்) உண்டா, தனியாக வாழும் பெண்ணிடம் தலைக்கட்டு வரியை (திருவிழாச் செலவுக்கு வீட்டுக்கு வீடு பிரிப்பது) முழுசாக வாங்கலாமா. இதற்கெல்லாம் பதில் சொல்லிப் பழகியவர்கள் இங்கே இருக்கீங்க. என்ன கேட்கிறார்கள், என்ன சொல்கிறீர்கள், எங்கே இடறுகிறது, அதை மட்டும் எழுதுங்க. "மரபில் கை வைக்காதே" என்ற ஒற்றை வரி வேண்டாம். மீனாட்சி கல்யாணம் முன்பு மாசியில் நடந்தது, அழகர் ஆற்றில் இறங்கியது தேனூரில், இரண்டையும் சித்திரையில் சேர்த்தவர் திருமலை நாயக்கர் என்று இந்த ஊரே சொல்லும். தேர் இன்றும் மாசி வீதியில்தான் ஓடுது.

மருந்துக்கடை, திருநகர்:
கந்த சஷ்டிக்குத் திருப்பரங்குன்றத்தில் காப்புக் கட்டுகிறவர்களும், ரமலான் நோன்பாளிகளும் கேட்பது ஒன்றுதான்: "மாத்திரை போட்டா விரதம் முறிஞ்சிருமா?" முதலில் விதியையே பாருங்க. தண்ணீர், கிழங்கு, பழம், பால், அவிசு (வேள்வியில் இடும் உணவு), அந்தணர் விருப்பம், குரு சொல், மருந்து ஆகிய எட்டும் விரதத்தைக் கெடுக்காது என்று மகாபாரதத்தில் உத்தியோக பருவம் சொல்கிறது. குர்ஆனில் 2:184, நோயாளியும் பயணியும் வேறு நாளில் நோற்கலாம் என்கிறது. சலுகை பழைய விதிக்குள்ளேயே இருக்கு, நாமாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

அடுத்தது, எந்த மாத்திரை என்பது. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை தாழ்வது அரிது. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும்தான் பட்டினியில் ஆளைச் சாய்க்கும். சிறுநீர் வழியே சர்க்கரையை இறக்கும் மாத்திரை (டாபாகிளிஃப்ளோசின் வகை) போடுகிறவர், தண்ணீர்கூடக் குடிக்காத விரதம் இருந்தால் உடம்பு வற்றி ரத்தத்தில் அமிலம் ஏறலாம். விரதத்துக்கு இரண்டு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து வேளையையும் அளவையும் மாற்றிக்கொள்ளணும், அன்றைக்குக் காலையில் வந்து கேட்கக் கூடாது. முதல் வகைச் சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், சமீபத்தில் தாழ்சர்க்கரையில் மயங்கியவர்: இவர்களுக்கு விரதமே வேண்டாம்.

விரல் நுனியில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்றுதான் பெரும்பாலான ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) சொல்கிறார்கள். அளவு 70க்குக் கீழே போனாலும் 300க்கு மேலே போனாலும் அந்த நிமிஷமே முறித்துவிடணும். தாழ்ந்திருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்க.

கடைக்கு அதிகம் வருவது பட்டினியால் விழுந்தவர்கள் அல்ல, விரதம் முடித்த வேகத்தில் ஏற்றிக்கொண்டவர்கள். பகலெல்லாம் மாத்திரையை விட்டுவிட்டு, ராத்திரி ஜவ்வரிசிப் பாயசமும் பஞ்சாமிர்தமும் நாலு வாழைப்பழமும் சாப்பிட்டால் 300 தாண்டத்தான் செய்யும்.

நெல்பேட்டை:
ஜக்காத்தில் விதி அப்படியே இருக்கு. மாறியிருப்பது சொத்துதான். நாற்பதில் ஒன்று, 2.5 சதவீதம். கடமையாகும் குறைந்தபட்ச அளவு தங்கத்தில் 87.48 கிராம், நம்ம பேச்சில் ஏறக்குறைய 11 பவுன். வெள்ளியில் 612.36 கிராம். 85 கிராம், 595 கிராம் என்று எடுக்கும் ஆலிம்களும் உண்டு. ரொக்கமும் சரக்கும் வைத்திருப்பவர் வெள்ளி அளவையே பிடித்துக்கொள்வது நல்லது. அதன் மதிப்பு குறைவு, ஏழைக்கு அதில்தான் லாபம்.

20 பவுன் நகை என்றால் 160 கிராம், கொடுக்க வேண்டியது 4 கிராம், அதாவது அரைப் பவுன். செய்கூலி, சேதாரத்தைச் சேர்க்காதீங்க, கல் எடையைக் கழிங்க. அன்றைக்குப் பழைய நகைக்குக் கடையில் என்ன தருவார்களோ அதுதான் விலை. உடுத்தும் நகைக்கு உண்டா என்பதில் மத்ஹபுக்கு (மார்க்கச் சட்டப் பிரிவுக்கு) மத்ஹபு வேறுபடும்: ஹனஃபி உண்டு என்பார்கள், ஷாஃபியில் வழக்கமான அளவுக்கு இல்லை. மாப்பிள்ளை இங்கே ராவுத்தர் வீடு (ஹனஃபி), பெண் கீழக்கரைப் பக்கம் (ஷாஃபி) என்றால் வீட்டில் இந்தச் சண்டை வரும். நகை பெண்ணுடையது, ஆகவே அவர் மத்ஹபுதான் கணக்கு. கணவர் கட்டுவதானால் மனைவி சம்மதத்தோடு கட்டலாம்.

ஏலச்சீட்டு: மாதம் 5,000, 20 மாதச் சீட்டு. 12 தவணை கட்டி இன்னும் எடுக்கவில்லை என்றால் அந்த 60,000 உங்கள் பணம், கூட்டுங்க. எடுத்துவிட்டீர்கள் என்றால் மிச்சம் 8 தவணை, 40,000 கடன், கழிங்க. வீட்டுக் கடனில் அடுத்த ஒரு வருஷத் தவணையை மட்டும் கழிக்கச் சொல்வதுதான் பரவலான வழி. இருபது வருஷக் கடனையும் ஒரேயடியாகக் கழித்தால் கார் வைத்திருப்பவர்கூட ஜக்காத் வாங்கத் தகுதியாகிவிடுவார்! மனையைப் பொறுத்தவரை வாங்கும்போது இருந்த எண்ணம்தான் பேசும்: விற்கவென்று வாங்கிப் போட்டதற்கு இன்றைய விலையில் உண்டு, வீடு கட்ட வாங்கியதற்கு இல்லை.

பலர் தவறுவது ஏப்ரல்-மார்ச் நிதியாண்டுக் கணக்கில். ஜக்காத்துக்குச் சந்திர வருஷம்தான் கணக்கு, அது 354 நாள். மார்ச் 31ஐப் பிடித்துக்கொண்டவர் 33 வருஷத்தில் ஒரு ஜக்காத்தை விட்டிருப்பார். ஆங்கிலத் தேதிதான் வசதி என்றால் 2.577 சதவீதம் போடுங்க.

உசிலம்பட்டிப் பக்கம், ஊர்க் கணக்கு:
தலைக்கட்டு வரியில் எங்க பக்கம் பெரிய சிக்கல் அரைப்புள்ளி, அதாவது பாதிப் பங்கு. ஆண் தலைக்கட்டு முழுப்புள்ளி, கணவரை இழந்த பெண்ணின் வீடு அரைப்புள்ளி. "இந்தக் காலத்தில் இது என்ன அவமானம், முழுப்புள்ளி ஆக்குங்க" என்று படித்த பிள்ளைகள் கேட்பது நியாயம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்க. செலவு 3 லட்சம், வீடு 150, அதில் 20 அரைப்புள்ளி. 130 முழு, 20 அரை சேர்ந்து 140 பங்கு. முழுவரி சுமார் 2,150, அரைவரி சுமார் 1,075 வரும். எல்லோரையும் முழுவாக்கினால் வீட்டுக்கு 2,000. வசதியானவருக்கு 150 குறையுது, அந்தப் பெண்ணுக்கு 925 ஏறுது. சமத்துவம் என்று சொல்லி ஏழை தலையில் வரியைக் கட்டுவதாக ஆகிவிடும்.

ஓடக்கூடிய வழி: ஆள் முழு, வரி அவர் விருப்பம். அரைவரி கட்டினாலும் கூட்டத்தில் பேச்சுரிமை, கறிப்பங்கு, ஊர்நோட்டில் அவர் பெயரிலேயே வரிசை, மூன்றும் முழுசாக. முன்பு "இன்னார் மனைவி" என்று எழுதிய இடத்தில் இப்போது பெண்ணின் பெயர் வரணும். இதைச் சாட்டுவதற்கு முன் கூட்டத்தில் பேசி நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிடணும். வரி பிரிக்க ஆரம்பித்த பிறகு மாற்றினால் முதலில் கட்டியவர் திருப்பிக் கேட்பார், அந்த வருஷத் திருவிழாவே நின்றாலும் நிற்கும்.

வெளியூர்க்காரர் ஜிபேயில் அனுப்புவது இப்போது சாதாரணம். நாட்டாமையின் சொந்தக் கணக்குக்கு வேண்டவே வேண்டாம். கோயில் பெயரில் இரண்டு பேர் கையெழுத்திடும் கணக்கு, அன்றைக்கே ரசீது எண். காப்புக் கட்டியபின் வெளியே ராத் தங்கக் கூடாது என்பதைத் திருப்பூரில் வேலை பார்க்கிறவன் எட்டு நாளும் காக்க முடியாது. பூசாரி, தீச்சட்டி, முளைப்பாரி எடுப்பவர்களுக்கு முழுக் காப்பு, மற்றவர்களுக்குக் கடைசி மூணு நாள் என்று பல ஊரில் பிரித்துவிட்டார்கள்.

மருந்துக்கடை, திருநகர்:
அண்ணே, முளைப்பாரி என்றதும் ஒன்று. திருவிழா வாரத்தில் தூரத்தை (மாதவிலக்கை) தள்ளிப்போடும் மாத்திரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மாக்கள் வருவார்கள். நோரெத்திஸ்டெரோன் 5 மில்லிகிராம், நாளுக்கு மூணு வேளை, வரவேண்டிய தேதிக்கு மூணு நாள் முன்பே தொடங்கணும். முந்தின நாள் தொடங்கினால் பலிக்காது. நிறுத்தி இரண்டு மூணு நாளில் வந்துவிடும். ரத்தக் கட்டு வந்தவர், கல்லீரல் கோளாறு உள்ளவர், ஒற்றைத் தலைவலிக்காரர் தொடவே கூடாது, மற்றவரும் டாக்டர் சீட்டில்லாமல் வாங்காதீங்க. அந்தப் பிள்ளைக்குப் பதில் பாரியைச் சித்தியோ அத்தையோ சுமந்தால் சாமி கோவிக்காது. அந்த ஒரு வரியையும் ஊர்நோட்டில் எழுதிட்டால் மாத்திரைக்கே வேலையில்லை.

மேலமாசி வீதி:
நல்ல யோசனைதான். ஆனால் எல்லாவற்றையும் கூட்டம் போட்டு நோட்டில் எழுதி மாற்றிவிட முடியாது, அண்ணே. 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ்காரர் வைத்தியநாத ஐயர் தலைமையில், அதுவரை உள்ளே விடப்படாத தாழ்த்தப்பட்டவர்களும் நாடார் ஒருவரும் மீனாட்சி கோயிலுக்குள் போனார்கள். அதை அனுமதிக்கும் சட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஒப்புதலுக்குக் காத்திருந்தால் அந்த வருஷமும் போயிருக்கும்.

தல்லாகுளம்:
துருத்தி பற்றி யாரும் எழுதலையே. அழகர் மீது தண்ணீர் பீய்ச்சுவது நேர்த்தி, விரதம் இருந்து செய்வது. ஆட்டுத்தோல் பை, சின்ன வாய், கையால் அமுக்கினால் மெல்லிய சாரல். அந்த இடத்தில் மோட்டார் பம்பு வந்ததும் எல்லாம் கெட்டது. அழுத்தத்தில் கண்ணில் அடிக்கும், தங்கக்குதிரையும் ஆபரணங்களும் பாழாகும், சீர்பாதம் தாங்கிகள் (சாமியைச் சுமப்பவர்கள்) வழுக்கி விழுவார்கள். பால், மோர், சர்க்கரை கலந்தால் சித்திரை வெயிலில் புளித்து நாறும். இங்கே பழைய விதிக்குத் திரும்புவதுதான் சீர்திருத்தம். தோல் காய்ந்திருந்தால் வெடிக்கும், ஆகவே முந்தின நாளே நனைத்து இளக்கி, தையலில் கசிவு பார்க்கணும். குடிக்கிற தண்ணீர், வேண்டுமானால் கொஞ்சம் வெட்டிவேர், வேறொன்றும் வேண்டாம். சாமி முகத்துக்கு நேராகப் பிடிக்காமல் மேல்நோக்கிப் பீய்ச்சினால் தூறலாக இறங்கும்.

மேலமாசி வீதி:
நெல்பேட்டை பாய், ஒரு சந்தேகம். பேங்கில் தானாக ஏறும் வட்டியை ஜக்காத்தில் கழிச்சிக்கலாமான்னு பக்கத்துக் கடைக்காரர் கேட்கிறார்.

நெல்பேட்டை:
ஆகாது. வட்டி அவர் பணமே இல்லை, அதை வைத்துக் கடமையை அடைக்க முடியாது. பாஸ்புக்கில் வட்டியாக ஏறிய தொகைகளைத் தனியே கூட்டி, நன்மையை எதிர்பார்க்காமல் ஏழை யாருக்காவது கொடுத்துவிடணும். ஜக்காத்தை அசலில் கணக்குப் பார்க்கணும். இரண்டுக்கும் வேறு வேறு கவர் போடச் சொல்லுங்க, ஒரே கவரில் போட்டுவிட்டு ரமலான் 27ல் வந்து எது எவ்வளவு என்று கேட்பார்கள்.