ஃப்ளஷ் டேங்க் வால்வு மாத்தியாச்சு, நிரம்பவே மாட்டேங்குது. அவசரம்

ரோஸ்ஹில்வாசி: பழைய பித்தளை மிதவை வால்வை எடுத்துட்டு கேங்காயரில (ஹார்ட்வேர் கடையில) வாங்கின புது பிளாஸ்டிக் வால்வு போட்டேன். ஒரு தடவை ஃப்ளஷ் பண்ணா மறுபடி நிரம்ப அரை மணி நேரம். கசிவு இல்ல. சாயங்காலம் ஊர்லேருந்து ஆள் வர்றாங்க, சீக்கிரம் சொல்லுங்க.

குழாய்தம்பி: தண்ணி தெருக் குழாயிலேருந்து வர்ற நேர் லைனா, மாடி டேங்க்கா? கக்கூஸ் மேல்மாடியா, கீழயா?

வாக்குவா அக்கா: இது தூசுதான். பழைய குழாயைக் கழட்டும்போது துரு உதிர்ந்து உள்ள போயிருக்கும். டேங்க்குக்குத் தண்ணி வர்ற ஸ்டாப் வால்வை மூடுங்க, புது வால்வோட மேல்மூடியை அழுத்தி லேசா இடப்பக்கம் திருப்பினா கழண்டு வரும். மேல ஒரு டம்ளரைக் கவிழ்த்துப் பிடிச்சு பத்து செகண்ட் தண்ணி திறந்து விடுங்க. அழுக்கு வெளிய வந்துடும்.

பழையவர்: தண்ணி எங்கேருந்து வருதுன்னு சொல்லாம வைத்தியம் கேக்குறது தப்பு. முதல்ல அதைச் சொல்லப் பழகுங்க. வாஷருக்கு வெளிய டெஃப்லான் (கசிவைத் தடுக்க மரையில சுத்துற வெள்ளை டேப்) சுத்தினீங்களா? சுத்தாததுதான் காரணம்.

குழாய்தம்பி: ஐயா, டெஃப்லானுக்கும் மெதுவா நிரம்புறதுக்கும் சம்பந்தமே இல்ல. டேங்க் அடியில அடைக்கிறது கூம்பு ரப்பர், ஹோஸ் நட்டுல தட்டை வாஷர். சுவருக்குள்ள போற உலோக மரைக்குத்தான் டேப். பிளாஸ்டிக் மரையில சுத்தினா நட்டை அளவுக்கு மீறி இறுக்கத் தோணும், பீங்கான் விரிசல் விடும். கையால இறுக்கி இன்னும் அரைச் சுத்து போதும்.

பழையவர்: சுத்தினா நஷ்டம் என்ன? கசியாம இருக்குமே.

வாக்குவா அக்கா: நஷ்டம் விரிஞ்ச டேங்க். அதை விடுங்க, தம்பி பதில் சொல்லட்டும்.

ரோஸ்ஹில்வாசி: மன்னிக்கணும். மேல்மாடி. காலையில நேர் லைன் வரும்போது ரெண்டு நிமிஷத்துல நிரம்புது. மத்தியானம் மாடி டேங்க்குக்கு மாத்தினதும்தான் இழுக்குது.

குழாய்தம்பி: அப்போ தூசு இல்ல. தூசா இருந்தா காலையிலயும் மெதுவாத்தான் வரும். உயரம் ஒரு மீட்டருக்கு அழுத்தம் 0.1 பார்தான். டேங்க் தளத்து மேலயே இருந்தா மேல்மாடிக்கு 2 மீட்டர், அதாவது 0.2 பார் கிடைக்கும். பழைய வால்வுல ஓட்டை பெருசு, அதனால ஓடிச்சு. புதுசுல அழுத்தம் அதிகமான லைனுக்குன்னு ஒரு தடுப்பு போட்டிருப்பாங்க. ஹோஸைக் கழட்டி வால்வோட அடிவாலுக்குள்ள (ஹோஸ் மாட்டுற கீழ்முனை) பாருங்க. சல்லடைக்குப் பக்கத்துல நடுவுல சின்ன ஓட்டையோட பிளாஸ்டிக் துண்டு இருக்கும். குறட்டால அதை எடுங்க, சல்லடையை மட்டும் திரும்ப வைங்க. காலையில நேர் லைன்ல சத்தம் போட்டா ஸ்டாப் வால்வைக் கொஞ்சம் மூடி வைங்க. அந்தத் துண்டே இல்லன்னா அழுத்தம் கம்மியான லைனுக்கான வால்வுன்னு கேட்டு வாங்கணும்.

வாக்குவா அக்கா: சரிதான், நான் சொன்னது இதுக்குப் பொருந்தாது. ஆனா அப்படியே தண்ணி மட்டத்தையும் பாருங்க. தண்ணி, வழிகுழாய் (டேங்க் நடுவுல நிக்கிற, அதிகத் தண்ணி வழியுற குழாய்) வாய்க்கு 25 மில்லிமீட்டர் கீழ நிக்கணும். ரீஃபில் ட்யூபை (வால்வுலேருந்து வழிகுழாய்க்குப் போற சின்ன ட்யூப்) வழிகுழாய்க்குள்ள ஆழமா இறக்காதீங்க, தண்ணியை இழுத்துக்கிட்டே இருக்கும். வாய்க்கு மேல கிளிப்ல மாட்டுங்க.

ரோஸ்ஹில்வாசி: பச்சைத் துண்டு ஒண்ணு இருந்துச்சு, எடுத்துட்டேன். மாடி டேங்க்லயே நாலு நிமிஷம். நன்றி.