மறு: கீவே – தண்டில் ஒன்று, துளைக்குள் ஒன்று

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழாக்கிவரும் வீட்டுப் பட்டறைக் கையேட்டில் கீவே (keyway: கப்பியையோ பற்சக்கரத்தையோ தண்டோடு சேர்த்துச் சுழலவைக்கும் கீ என்ற சிறு உலோகத் துண்டு உட்கார வெட்டும் இடம்) வெட்டும் பகுதிக்கு இதுவரை சாவிவழி, சாவித்தடம், சாவிப்பள்ளம் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில் சொல் பிசகினால் வெட்டுகிறவரின் அளவும் பிசகும்.

> மூலத்திலேயே வழி என்றுதானே இருக்கிறது, நாமும் அப்படியே வைத்துக்கொண்டால் என்ன?

வழி என்றால் அதில் ஏதாவது போய்வர வேண்டும் ஐயா. பெரும்பாலான கீ எங்கேயும் போவதில்லை. பாதி தண்டுக்குள்ளும் பாதி கப்பியின் துளைக்குள்ளும் உட்கார்ந்துகொண்டு, தண்டு சுற்றும்போது கப்பியையும் சேர்த்துத் தள்ளுகிறது. தள்ளுவது அதன் பக்கச் சுவர்கள். சதுரக் கீயில் மேல்முகத்துக்கு வேலையே இல்லை, அங்கே வேண்டுமென்றே கொஞ்சம் இடைவெளி விடுகிறார்கள். ஆகவே நமக்கு வேண்டிய சொல், இரண்டு நேரான சுவர்கள் இன்னொன்றை ஆடாமல் பிடித்துக்கொள்வதைக் காட்ட வேண்டும். பள்ளம் அதைக் காட்டாது, சுத்தியல் பட்டு நசுங்கிய இடமும் பள்ளம்தான். தச்சு வேலையில் பலகை விளிம்பில் இன்னொரு பலகையைச் செருக வெட்டுவதைக் காடி என்கிறோம். உலோகத்துக்கும் அதே சொல் அப்படியே பொருந்துகிறது, காடி வெட்டுதல் என்று வினையும் கூடவே கிடைத்துவிடுகிறது.

அடுத்தது கீ. சாவி என்று வைப்பதில் எனக்குப் பெரிய வெறுப்பு இல்லை, பட்டறைகளில் கீ என்றோ சாவி என்றோ சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் சாவிக்காடி என்று படிக்கும் புதியவர் பூட்டுத்துளையைத்தான் நினைப்பார். நான் முளை என்று சொல்லலாம் என்கிறேன். தண்டில் பொருத்திய பிறகு அதைப் பாருங்கள், பாதி புதைந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மாடு கட்டும் முளை தரையில் நிற்கிற மாதிரி. முளை என்றால் உருண்டை என்று தோன்றுமே என்று கேட்கலாம். தோன்றட்டும், சதுர முளை என்று ஒருமுறை சொன்னால் தீர்ந்துபோகும் குழப்பம் அது. ஆப்பு என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார், அது நல்ல சொல், ஆனால் சரிவுக் கீக்கு மட்டும். 1:100 சரிவில் மேல்முகம் இருக்கும் அந்த வகை, அடித்து ஏற்றும்போது மேலும் கீழும் இறுகி நெருக்குகிறது, அதனால் கப்பியைக் கொஞ்சம் மையம் விலகவும் வைக்கும். இறுக்கிப் பிடிப்பது அங்கே ஆப்பின் வேலை. பக்கச் சுவரால் தள்ளும் சதுர முளையையும் ஆப்பு என்று எழுதினால், மேலே இடைவெளி இல்லாமல் இறுக்க வேண்டும் போலிருக்கிறது என்று படிப்பவர் எண்ணிவிடுவார்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். காடி என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடக் கூடாது. தண்டில் வெட்டுவதற்கு ஒரு பெயர், துளைக்குள் வெட்டுவதற்கு ஒரு பெயர் கட்டாயம் வேண்டும். என் பரிந்துரை தண்டுக்காடி, குடக்காடி. வண்டிச் சக்கரத்தில் ஆரக்கால்கள் வந்து சேரும் நடுப்பகுதியைக் குடம் என்பது பழைய வழக்கு, கப்பிக்கும் பற்சக்கரத்துக்கும் நடுப்பகுதி அதேதான்.

ஏன் பிரிக்கச் சொல்கிறேன் என்பதற்கு 20 மி.மீ. தண்டை எடுத்துக்கொள்வோம். டின் (DIN) 6885 என்ற ஜெர்மன் தர அட்டவணைப்படி 17 மி.மீ.க்கு மேல் 22 வரை விட்டமுள்ள தண்டுகளுக்கு 6×6 முளை. தண்டுக்காடியின் ஆழம் 3.5, குடக்காடியின் ஆழம் 2.8. கூட்டினால் 6.3, முளையின் உயரம் 6, ஆக மேலே 0.3 இடைவெளி. இரண்டு ஆழமும் ஒன்றல்ல என்பது இங்கேயே தெரிகிறது. அகலம் எவ்வளவு கூடலாம் குறையலாம் என்பதும் வேறு வேறு: வழக்கமான பொருத்தத்தில் தண்டுக்காடி 6.00-இலிருந்து 5.97 வரை இருக்கலாம், குடக்காடி 6-க்கு இருபுறமும் 0.015 போகலாம்.

இதைவிடப் பெரிய வேறுபாடு ஆழத்தை எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதில் இருக்கிறது. தண்டின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே மில்லிங் கட்டரை (சுழன்று சீவும் வெட்டுக்கருவியை) கொண்டுவந்து இறக்கினால் அது முதலில் தண்டின் உச்சியைத் தொடும். அங்கே டயலைப் பூச்சியம் வைத்து 3.5 இறக்கினால் முடிந்தது. துளைக்குள் அப்படி இல்லை. 6 அகலமுள்ள தட்டையான முனையை 20 துளையின் சுவரை நோக்கி நகர்த்தினால், சுவர் வளைந்திருப்பதால் முனையின் இரண்டு மூலைகளும்தான் முதலில் தொடும், நடுப்பகுதிக்கும் சுவருக்கும் இடையே அப்போது இன்னும் ஏறக்குறைய 0.46 மி.மீ. இருக்கும். மூலை தொட்ட இடத்தில் பூச்சியம் வைத்து 2.8 மட்டும் போனால் காடி 2.34-தான் ஆழம், முளை மேலே முட்டும், கப்பி ஏறாது. சரியாகப் போக வேண்டியது 3.26. கப்பி ஏறவில்லையே என்று முளையின் பக்கங்களை அரத்தால் தேய்க்கத் தொடங்கினால் பிடிமானமே போய்விடும். கையேட்டில் “காடியின் ஆழம்” என்று பொதுவாக ஒரு வரி இருந்தால் படிப்பவர் நேராகப் போய் விழும் குழி இது. தண்டுக்காடி, குடக்காடி என்று தனித்தனியாக இருந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து அளக்கும் அளவையும் தனித்தனியாகக் கொடுத்துவிடலாம்: தண்டில் 16.5, குடத்தில் 22.8. அளந்து பார்த்தால் சந்தேகமே இருக்காது.

வெட்டும் முறையிலும் இந்தப் பிரிவுதான் வழிகாட்டுகிறது. தண்டுக்காடி மில்லிங்கில் சுலபம். 6 மி.மீ. கட்டரால் ஒரே ஓட்டத்தில் வெட்டினால் காடி கொஞ்சம் அகன்றுபோவது வழக்கம், 5-ஆல் நடுவை எடுத்துவிட்டு இரண்டு சுவரையும் தனித்தனியாகச் சீவுவது நல்லது. வட்டத் தட்டுக் கட்டரால் வெட்டினால் சுவர் அழகாக வரும், ஆனால் முடியும் இடத்தில் அடித்தளம் வளைந்து மேலேறும், முளையின் நீளத்தை அதற்கு முன்பே நிறுத்த வேண்டும்.

குடக்காடிக்கு பிரோச் (வரிசையாகப் பற்கள் உள்ள, துளைக்குள் தள்ளிச் சீவும் நீளக் கருவி) இருந்தால் துளைக்குள் வழிகாட்டி உருளையைப் போட்டுக் கை அழுத்தியில் தள்ளலாம். ஒவ்வொரு தள்ளலுக்குப் பிறகும் பின்னால் ஒரு தகடு சேர்த்து ஆழத்தைக் கூட்டுவார்கள். பிரோச் இல்லாதவர்களுக்கு லேத்தே போதும். ஸ்பின்டிலை, அதாவது கப்பியைப் பிடித்துச் சுழற்றும் அச்சை, சுற்றாமல் பூட்டிவிட்டு, போரிங் தண்டில் (துளைக்குள் நுழையும் கருவித் தண்டில்) 6 அகலத்துக்குத் தீட்டிய முனையைப் பொருத்தி, அதைத் தாங்கி நகரும் கேரேஜைக் கையால் முன்னும் பின்னும் ஓட்டிச் செதுக்க வேண்டும். ஒரு ஓட்டத்துக்கு 0.05-க்கு மேல் கொடுக்காதீர்கள், போரிங் தண்டு வளைந்து கொடுக்கும் என்பதால் அளவைக் கூட்டாமல் அதே இடத்தில் இன்னும் ஒன்றிரண்டு முறை ஓட்டிய பிறகுதான் அடுத்த அளவுக்குப் போக வேண்டும். துளை மறுபக்கம் திறக்காவிட்டால் முடியும் இடத்தில் முதலிலேயே ஒரு வளையப் பள்ளம் கடைந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சீவல் அறுபடாமல் முனையில் அடைக்கும். கேரேஜை ஓட்டும் பற்சட்டத்துக்கு இந்த வேலை சுமைதான், அடிக்கடி செய்பவர்கள் நெம்புகோல் வைத்த தனிச் செதுக்கு இணைப்பு ஒன்றைச் செய்து மாட்டிக்கொள்வது மேல்.

முளை, காடி இரண்டையும் ஏற்றுக்கொண்டால் மற்றவை தானாக வரும். அரைவட்டமாக இருக்கும் வுட்ரஃப் கீ பிறைமுளை, அதற்குத் தண்டில் வெட்டுவது பிறைக்காடி. தண்டின் மேல் சக்கரம் நீளவாட்டில் சறுக்க இடம் கொடுக்கும் வகை நழுவுமுளை, நான் முதலில் சொன்ன “போய்வருதல்” பொருந்தும் ஒரே இடம் அதுதான், அங்கேயும் நகர்வது பெரும்பாலும் சக்கரம், முளை தண்டில் திருகி நிறுத்தப்பட்டிருக்கும்.

பிரோச்சுக்கு மட்டும் எனக்கு இன்னும் மனநிறைவான சொல் அமையவில்லை. ஒவ்வொரு பல்லும் முந்தையதைவிடச் சற்று உயரமாக, ஒரே தள்ளலில் பல அடுக்குகளைச் சீவும் கருவி அது. படிப்பல் அரம், படிப்பல் உளி என்று இரண்டு யோசித்தேன். அரம் தேய்த்துத் துகளாக எடுக்கும், இது சுருள் சுருளாகச் சீவுகிறது, அதனால் உளி பக்கம்தான் சாய்கிறேன். அதைவிடப் பொருத்தமாக யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், அதுவரை வரைவில் பிரோச் என்றே விட்டு வைக்கிறேன்.