பிள்ளையை உண்டியலோடு ஊருக்குள் விடலாமா?

கோப்பாய்த் தாய்:
மகள் தரம் 5. மலையகத்தில் மண்சரிவில் பாதிக்கப்பட்ட ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்க வகுப்பாகக் காசு சேர்க்கிறார்கள். சனி, ஞாயிறு வீடு வீடாகப் போக வேண்டுமாம். அவளுக்குச் சரியான புளுகம். இவரோ, "சின்னப்பிள்ளைக்கு ஏன் காசுப் பொறுப்பு? நாங்களே ஆயிரம் ரூபாவைப் போட்டு விடுவம்" என்கிறார். சின்ன வயதில் இப்படிச் சேர்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அதனால் ஏதும் பிரயோசனம் இருந்ததா?

கொடிகாமத்தான்:
இவர் சொல்வதுதான் சரி. ஒழுங்கைக்கு நாலு கட்டாக்காலி நாய். போதாததற்குப் பறக்கிற மோட்டார் சைக்கிள்கள்.

பழைய தறப்பாள்:
தங்கச்சி, விடுங்கள். ஆனால் கையில் ஒரு கொப்பியும் பேனையும் கொடுத்து விடுங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

1978 நவம்பர் 23 மட்டக்களப்பில் புயல் அடித்தபோது எனக்குப் பத்து வயது. வாத்தியார் எங்களில் ஐந்து பேரை உரும்பிராய் ஒழுங்கைகளுக்கு அனுப்பினார். ஒருவன் தலையில் பிடியரிசிக் கடகம். என் கையில் பால்மாப் பேணி, மூடியில் கத்தியால் கீறிய ஓட்டை. படலை படலையாகத் தட்டினோம். மட்டக்களப்பு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

இரண்டாம் நாள் ஐஸ்பழக்காரன் வந்தான். மாரி என்றாலும் அன்று நல்ல வெயில். பேணியைக் கவிழ்த்துக் குலுக்கினேன், 25 சதம் விழுந்தது.

வாத்தியார் எமகாதகன். கொடுத்த காசை வீட்டுக்காரரைக் கொண்டே கொப்பியில் எழுதுவித்திருந்தார். திங்கட்கிழமை எண்ணினால் 25 சதம் குறைவு. பூவரசங்கம்பை எடுப்பார் என்று நின்றேன். கொப்பியை நீட்டி "எழுது" என்றார். "ஐஸ்பழம் - 25 சதம்" என்று எழுதினேன். "ஆரும் கணக்குக் கேட்டால் நீதான் வாசிக்க வேணும்." ஒரு கிழமை நான் அந்த ஒழுங்கையால் போகவே இல்லை.

பிறகு நிவாரண வேலையில் முப்பது வருடத்துக்கு மேல். இரக்கம்தானே உங்களை இதற்குள் கொண்டுவந்தது என்று கேட்பார்கள். இரக்கம் ஊரில் எல்லோரிடமும் இருந்தது. என்னைப் பிடித்து வைத்திருந்தது அந்த 25 சதப் பயம்.

1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டை நெருங்கி வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது நானும் அம்மாவைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலம் கடந்தேன். மூன்றாம் நாள் ஒரு பள்ளிக்கூடத்தில் மேசை போட்டுப் பதிவு எடுக்கிறேன். இடம்பெயர்ந்தவனும் நான், பதிவு எடுக்கிறவனும் நான். தறப்பாள் வரிசையின் கடைசியில் அம்மா. அவரது முறை வருவதற்குள் தறப்பாள் முடிந்துவிட்டது. அன்றிரவு மழையில் அம்மா ஒன்றும் பேசவில்லை. தம்பிதான், "உன்ர கொப்பியை விரிச்சு மேலே பிடி" என்றான்.

2009இல் செட்டிகுளம் முகாம்களில் போரில் இடம்பெயர்ந்த 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு மலசலகூடம் என்பது எங்கள் வேலையில் அளவுகோல். எங்கே எவ்வளவு குறைகிறது என்று தினமும் எழுதினோம். எழுதியதைக் காட்டித்தான் இன்னொரு தண்ணீர் பவுசர் கேட்க முடிந்தது.

வடமராட்சியான்:
அண்ணை, சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கம் வந்த உடுப்புக் குவியல் நினைவிருக்கிறதா? கோட்டு, கம்பளிச் சட்டை. மழையில் ஊறிக் கிடந்தது. அதற்கும் யாரோ ஒழுங்காகக் கணக்கு எழுதித்தான் இருப்பார்கள். கேட்டது யார்?

பழைய தறப்பாள்:
நல்ல அடி. நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மருதங்கேணிப் பக்கம் கடல்நீர் புகுந்த கிணறுகளை மோட்டர் வைத்து இறைத்தோம். உப்புப் போகவில்லை, மறுபடி இறைத்தோம். கரையோர மணலில் மழைநீர் உப்புநீருக்கு மேலே மிதந்துதான் கிடக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே கிடக்கும் உப்பு மேலே ஏறும். ஓர் ஆச்சி முதல் நாளே சொன்னார், "விடு தம்பி, அடுத்த மாரிக்குக் கிணறு தன்பாட்டில் ஆறும்." அதை எழுத என் படிவத்தில் இடம் இருக்கவில்லை. "இறைத்த கிணறுகள் - 41" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

தங்கச்சி, காசு சேர்க்க முதல் அந்தப் பள்ளிக்கூடத்திடம் என்ன வேண்டும் என்று ஒருக்கால் கேட்கச் சொல்லுங்கள்.

கோப்பாய்த் தாய்:
வகுப்பு ரீச்சர் அங்கே போன் எடுத்துக் கேட்டார். கொப்பி வந்து குவிந்து கிடக்கிறதாம், வைக்க அலுமாரி இல்லையாம். மழைக்குள் நடந்து வருகிற பிள்ளைகளுக்குக் குடைதான் வேண்டுமாம்.

மகள் கொப்பிக்குக் கோடு போட்டுவிட்டாள். முதல் வரியில் இவர்தான் 1000 ரூபா எழுதிக் கையெழுத்து வைத்தார். நாய் நிற்கிற வீடுகளுக்கு நானும் கூடப் போகிறேன். ஐஸ்கிறீம் வான் வந்தால் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.