ஸ்டீல்ஹெட்டும் ரெயின்போ ட்ரவுட்டும் ஒண்ணுதானா? ஏரில விடலாமா?

தூண்டில்_தம்பி:
அமெரிக்கால மிச்சிகன் மாநிலத்துல எந்த தண்ணில என்ன குஞ்சு விட்டாங்கங்கிற லிஸ்ட்ட பாத்துட்டு இருந்தேன், ஒரு இடத்துல ரெயின்போன்னு இருக்கு, இன்னொரு இடத்துல ஸ்டீல்ஹெட்னு இருக்கு. ரெண்டும் ஒரே மீனுன்னுல்ல சொன்னாங்க? எங்க பக்கத்து ஏரிக்கு உள்ள வர ஆறும் இல்ல வெளிய போற ஆறும் இல்ல, அதுல ஸ்டீல்ஹெட் விட்டா பெருசா வருமா?

ஆத்தங்கரை:
இனம் ஒண்ணேதான் தம்பி, ஆன்கோரிங்கஸ் மைகிஸ். 1989 வரைக்கும் சால்மோ கெயர்ட்னெரின்னு இருந்துச்சு, அப்புறம்தான் பசிபிக் சால்மன் கூட்டத்துல சேத்தாங்க. ஆத்துலயே தங்கிட்டா ரெயின்போ, கடலுக்குப் போயி தின்னு கொழுத்துட்டு முட்டை போட திரும்பி வந்தா ஸ்டீல்ஹெட். ஒரே தாய் போட்ட முட்டைல ஒண்ணு தங்கும் ஒண்ணு கிளம்பும், அதான் கூத்து. பெருசாகுறது பேருல இல்ல, எரைல இருக்கு, உங்க ஏரில எரை கம்மின்னா ஸ்டீல்ஹெட் குஞ்சும் சாதா ரெயின்போ மாதிரியேதான் நிக்கும். குஞ்சு பொரிக்கவும் செய்யாது, அதுக்கு ஓடுற தண்ணியும் கூழாங்கல்லும் வேணும்.

வெள்ளிச்செதில்:
கடலையே பாக்காத மீன ஸ்டீல்ஹெட்னு சொல்றதே தப்புங்க 😏

ஆத்தங்கரை:
@வெள்ளிச்செதில் இந்த சண்டை முடியாதுங்க. ஆனா 1870கள்லயே மேற்குக் கரைல இருந்து முட்டை கொண்டாந்து மிச்சிகன் ஆத்துல விட்டாங்க, அந்த வகையறா பேரேரிய கடலா நெனச்சு வாழ்ந்துட்டு ஆத்துக்கு ஏறி வருது, சால்மன் மாதிரி ஒரு தடவ முட்டை போட்டதும் செத்தும் போறதில்ல, பல மீனு மறுபடி வரும். அத வேற என்னன்னு கூப்புடுறது?

லிஸ்ட்ல தனியா போடுறதுக்கு காரணம் வகையறாதான், அதாவது ஒரே இனத்துக்குள்ள இருக்குற வேற வேற பரம்பரை. மிச்சிகன் ஸ்டீல்ஹெட்டுக்கு லிட்டில் மானிஸ்டீ ஆத்துல வசந்தத்துல ஏறுற மீன புடிச்சு முட்டை எடுப்பாங்க. பக்கத்து மாநிலம் இண்டியானா விடுற ஸ்கமேனியாங்கிற வகையறா வாஷிங்டன் மாநிலத்துல இருந்து வந்தது, கோடைலயே ஏறிடும். குஞ்சு ஸ்மோல்ட் ஆகி, அதாவது ஆத்த விட்டு கிளம்புற பருவத்துக்கு வந்து, வெள்ளியா மின்னுற நேரத்துல ஆத்துல விட்டாத்தான் அந்த தண்ணி வாசனை மனசுல பதிஞ்சு திரும்பி வரும். மூடுன ஏரிக்கு அதெல்லாம் வீண், சாதா ரெயின்போ போதும்.

தூண்டில்_தம்பி:
ஓ சரிண்ணே. அப்ப ரெயின்போவே வாங்கி விட்டுடவா?

ஆத்தங்கரை:
பொது ஏரின்னா பர்மிட் இல்லாம ஒரு குஞ்சு கூட விடாத, நோய் பரவும். கோடைல அடித்தண்ணி குளிர்ச்சியா இருக்கா, ஆக்சிஜன் இருக்கான்னு மொதல்ல அளந்து பாரு, 20 டிகிரிக்கு மேல போனாலே ட்ரவுட்டு தவிச்சுப் போயிடும்.