சர்க்கரையை விட்டாயிற்று, பல் மட்டும் ஏன் கூசுகிறது?

இரவுப்பணி:

எனக்கு இரவு வேலை. ஒன்பது மணிக்குக் கணினி முன் உட்கார்ந்தால் எழும்போது மூன்று ஆகிவிடும். துணைக்கு மேசையில் 500 மில்லி கோலா பாட்டில் ஒன்று. போன வருடம் எடை கூடியபோதுதான் முதன்முறையாக லேபிளைப் படித்தேன். 100 மில்லிக்கு 10.6 கிராம் சர்க்கரை. ஒரு பாட்டிலுக்கு 53 கிராம், அதாவது பதின்மூன்று தேக்கரண்டி. பயந்துபோய் அன்றைக்கே சர்க்கரை இல்லாத வகைக்கு மாறினேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

போன வாரம் பல் கூசுகிறது என்று மருத்துவரிடம் போனேன். சொத்தை எதுவும் இல்லை, முன்பற்களின் விளிம்பை அமிலம் அரித்திருக்கிறது என்றார். "நான் குடிப்பதில் சர்க்கரையே கிடையாதே" என்றேன். சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சர்க்கரை எத்தனை கிராம் என்று லேபிளில் இருக்கிறது. அமிலம் எவ்வளவு என்று ஏன் இல்லை? குடிக்கும்போது நாக்குக்கும் அவ்வளவு புளிப்பாகத் தெரியவில்லையே?

பீக்கர்:

குளிர்பானங்களைப் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் எட்டு வருடம் இருந்தவன் நான். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், விஷயமே அதில்தான் இருக்கிறது.

அமிலத்தை அளக்கும் எண் பிஎச்; எண் குறையக் குறைய அமிலம் கடுமை. சாதாரண கோலாவின் பிஎச் 2.5க்கு அருகில். எலுமிச்சைச் சாறும் ஏறக்குறைய அங்கேதான் நிற்கும். எலுமிச்சையை வாயில் பிழிந்தால் முகம் கோணுகிறது, கோலா குடித்தால் கோணுவதில்லை. ஒரு காரணம், இனிப்பு புளிப்பை அமுக்கிவிடும், புளிப்பும் இனிப்பை அமுக்கிவிடும். பதின்மூன்று தேக்கரண்டி சர்க்கரையை வெறும் தண்ணீரில் கரைத்துக் குடித்துப் பாருங்கள், பாதியில் குமட்டும். இன்னொரு காரணம், எலுமிச்சையில் அமிலத்தின் மொத்த அளவே மிக அதிகம். அதற்குக் கீழே வருகிறேன். சர்க்கரை இல்லாத வகையில் அமுக்கும் வேலையைச் செயற்கை இனிப்பு செய்கிறது. நாக்கை நம்பிப் புளிப்பை அளக்க முடியாது.

உங்கள் புது பாட்டிலின் பிஎச் பெரும்பாலும் 3ஐ ஒட்டி இருக்கும். 2.5க்கு இது கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். பிஎச் ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறும். பல்லின் கடினமான மேலுறையான எனாமல் கரையத் தொடங்கும் எல்லை சுமார் 5.5. அங்கிருந்து 2.5 வரை மூன்று படி, ஆயிரம் மடங்கு.

கேஸ்தான் அமிலத்துக்குக் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். கார்பானிக் அமிலம் பலவீனமானது. வெறும் சோடா தண்ணீரின் பிஎச் 4க்கும் 5க்கும் இடையில் இருக்கும், அதையும் கேஸ் போகும்வரை கலக்கினால் ஏறிவிடும். கோலாவை எவ்வளவு கலக்கினாலும் மீட்டர் முள் பெரிதாக அசையாது, ஏனென்றால் உள்ளே இருப்பது பாஸ்பாரிக் அமிலம். கேஸ் போன கோலா பல்லுக்குச் சாதுவானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிஎச் மட்டும் பார்த்தாலும் ஏமாந்துபோவோம். புதிதாகச் சேர்ந்தபோது நானே ஏமாந்திருக்கிறேன். ஆரஞ்சுச் சாறு 3.7 காட்டியது, கோலா 2.5. சாறு நல்லது என்று நோட்டில் எழுதிவிட்டேன். என் மேலாளர் ஒன்றும் சொல்லாமல் பியூரெட்டை, அதாவது திரவத்தை அளந்து சொட்டவிடும் கண்ணாடிக் குழாயை, கையில் கொடுத்தார். அமிலத்தை முறிக்கும் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு இரண்டையும் நடுநிலைக்குக் கொண்டுவந்தால், சாறுதான் கோலாவைவிடப் பல மடங்கு குடித்தது. சிட்ரிக் அமிலம் அளவில் அதிகம், எளிதில் விட்டுக்கொடுக்காது. உமிழ்நீருக்கும் அதே பாடுதான். (அமிலம் முறிந்ததும் இளஞ்சிவப்பாகும் பினால்ப்தலீனைக் கோலாவில் விட்டு அந்த நிறத்தைத் தேடியவர்களுக்கு என் அனுதாபங்கள். அந்தப் பழுப்பில் எதுவும் தெரியாது, மீட்டர்தான் கதி.)

லேபிளில் ஏன் இல்லை என்றால், பட்டியலில் "பாஸ்பாரிக் அமிலம் 338" அல்லது "சிட்ரிக் அமிலம் 330" என்று பெயரும் குறியீட்டு எண்ணும் இருக்கும், அளவு இருக்காது. ஊட்டச்சத்து அட்டவணையில் அமிலத்துக்கு என்று ஒரு வரிசை வைக்கும் வழக்கம் இல்லை.

குறுக்குக்கேள்வி:

வயிற்றிலேயே இதைவிடக் கடுமையான அமிலம் இருக்கிறது. பிறகு எதற்கு இந்தப் பதற்றம்? ஒரு பல்லை ராத்திரி கோலாவில் போட்டால் காலையில் கரைந்து காணாமல் போகும் என்கிற கதை மாதிரி இருக்கிறது.

பல்லவன்:

காணாமல் போகாது, அது கட்டுக்கதைதான். ஆனால் மேற்பரப்பு மென்மையாகும். வயிற்றுக்கு உள்ளே சளிப்படலம் இருக்கிறது, அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். எனாமல் ஒருமுறை போனால் மறுபடி வளராது.

இரவுப்பணி, சொத்தையும் அரிப்பும் வேறு வேறு. சொத்தைக்கு நடுவில் ஒரு தரகர் வேண்டும்: பாக்டீரியா சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தைக் கக்குகிறது. அரிப்பில் தரகரே கிடையாது, பானம் நேராகப் பல்லோடு பேசிக்கொள்கிறது. நீங்கள் தரகரைப் பட்டினி போட்டீர்கள், நல்லதுதான். மற்ற வழி திறந்தே கிடக்கிறது.

நான் கேட்க நினைப்பது வேறு. 500 மில்லியை எவ்வளவு நேரம் குடிக்கிறீர்கள்?

இரவுப்பணி:

ஒன்பது முதல் மூன்று வரை. பத்து நிமிடத்துக்கு ஒரு மடக்கு இருக்கும்.

பல்லவன்:

முப்பத்தாறு மடக்கு! ஒவ்வொரு மடக்குக்குப் பிறகும் உமிழ்நீர் அமிலத்தைக் கழுவி, சமன்படுத்தி, மென்மையான எனாமலுக்குக் கால்சியமும் பாஸ்பேட்டும் திருப்பித் தர வேண்டும். அதற்கு அவகாசம் வேண்டாமா? நீங்கள் ஆறு மணி நேரம் அதை நிமிரவே விடவில்லை. அதே பாட்டிலைச் சாப்பாட்டோடு பத்து நிமிடத்தில் முடித்திருந்தால் கதை வேறு. குடித்ததும் தண்ணீரால் கொப்பளியுங்கள். உடனே பல் தேய்க்காதீர்கள், மென்மையாகிக் கிடப்பதைப் பிரஷ்ஷால் சுரண்டி எடுப்பது மாதிரி ஆகிவிடும். அரை மணி நேரமாவது போகட்டும். ஃபுளோரைடு பற்பசை போடுங்கள்.

பீக்கர்:

வேலைக்கு நடுவே ஒரு விளையாட்டு: ஒரே அளவுள்ள இரண்டு கேன், ஒன்று சர்க்கரையோடு, ஒன்று இல்லாமல், வாளித் தண்ணீரில் போடுங்கள். 330 மில்லி கேனில் 35 கிராம் சர்க்கரை. பெரும்பாலும் அது மூழ்கும், மற்றது மிதக்கும். அமிலத்துக்கு இப்படி ஒரு வாளிச் சோதனை கிடையாது, அதுதான் வருத்தம்.

இரவுப்பணி:

வாளிச் சோதனை செய்தேன், சொன்னபடியே நடந்தது. மிதந்த கேனைப் பார்த்துப் போன வருடப் பெருமை கொஞ்சம் திரும்பி வந்தது, உடனே பல் கூசியது.

நேற்று பாட்டிலை மேசையில் வைக்காமல் அடுத்த அறையில் வைத்தேன். ஆறு மணி நேரத்தில் இரண்டு முறைதான் எழுந்து போனேன். மற்ற முப்பத்து நான்கு மடக்கும் எதற்காகக் குடித்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.