மறு: ‘ஆஃப் டாபிக்’ தமிழில் என்ன? – ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

பேசுபொருளுக்குப் பொருந்தாததை ஆங்கிலத்தில் ‘ஆஃப் டாபிக்’ என்கிறோமே, அதற்குத் தமிழ்ச்சொல் என்ன என்று நம் நிரலாளர் மடற்குழுவில் மூன்று நாளாக ஓடும் இந்த இழையை, அதாவது ஒரே தலைப்பில் தொடரும் மடல் வரிசையை, இன்று காலை முதலிலிருந்து படித்தேன். தலைப்பு விலகல், தடம்புரளல், புறப்பொருள், இழை கடத்தல் என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான்குமே யோசித்துச் சொன்னவை. ஆனால் சொல்லைத் தேடுவதற்கு முன்னால் பொருளைப் பிரித்துப் பார்க்க மறந்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் இரண்டு வேறு வேறு தவறுகளுக்கு ஒரே பெயர். அதற்கு ஈடாக ஒரே தமிழ்ச்சொல்லை வைத்தால் அங்கே இருக்கும் குழப்பமும் கூடவே வந்துவிடும்.

> தலைப்பு விலகல் என்றால் யாருக்கும் விளங்கும். சுற்றி வளைப்பானேன்?

விளங்கும்தான். ஆனால் ஓர் உதாரணத்தில் வைத்துப் பார்ப்போம். கணினி வலையின் பழைய பேச்சுக் குழுக்களான யூஸ்நெட்டில் காம்ப்.லாங்.சி என்ற குழு நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அங்கே பேசுபொருள் சி என்ற நிரல்மொழி. அதுவும் 1989-இல் அமெரிக்கத் தர அமைப்பான ஆன்சியும் 1990-இல் உலகத் தர அமைப்பான ஐஎஸ்ஓவும் ஏற்ற தரநிலை எதைச் சி என்று வரையறுக்கிறதோ அது மட்டும். இப்போது நம்மூர்ப் பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவர் அங்கே போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் டர்போ சி என்ற பழைய தொகுப்பியின் (நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் மென்பொருள்) நீலத்திரையில் படித்தவர். வாய்டு மெயின் என்ற தொடக்கம், முதல் வரியில் திரையைத் துடைக்கும் கிளியர் ஸ்கிரீன், கடைசி வரியில் ஒரு விசைக்காகக் காத்திருக்கும் கெட்ச். இவைதான் அவருக்குச் சி. வீட்டுக்கு வந்து லினக்ஸில் ஜிசிசி என்ற தொகுப்பி கொண்டு தொகுத்தால், இவற்றுக்கான கோனியோ.எச் கோப்பு இல்லை என்கிறது. “சி-யில் திரையைத் துடைப்பது எப்படி?” என்று தலைப்பிட்டு அதையேதான் கேட்கிறார். தலைப்புக்கும் கேள்விக்கும் நூலிழைகூட விலகல் இல்லை. ஆனாலும் அந்தக் குழுவில் அது பொருந்தாத கேள்வி, ஏனென்றால் கோனியோ.எச் டாஸ் காலத்துத் தொகுப்பிகளோடு வந்தது, சி தரநிலையில் இல்லாதது. திரையைத் துடைப்பது முனையத்தை, அதாவது கட்டளை தட்டும் திரையைப் பொறுத்த வேலை. லினக்ஸ் போன்ற யூனிக்ஸ் வகை இயங்குதளம் என்றால் அதற்குக் கர்சஸ் என்ற நிரல் நூலகம் இருக்கிறது. அதைக் கேட்க காம்ப்.யூனிக்ஸ்.புரோகிராமர் என்று பக்கத்திலேயே ஒரு குழு இருந்தது.

ஸ்டீவ் சம்மிட் தொகுத்த அந்தக் குழுவின் கேள்வி-பதில் தொகுப்பில் 19-ஆம் அதிகாரம் முழுக்க இந்த மாதிரி கணினியைச் சார்ந்த கேள்விகளுக்கானது. அதன் முதல் கேள்வியே, என்டர் அழுத்தக் காத்திராமல் விசைப்பலகையிலிருந்து ஓர் எழுத்தை வாங்குவது எப்படி என்பது. நம் பிள்ளைகளின் கெட்ச் கேள்விதான் அது. உலகம் முழுக்க அத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்.

அங்கே ஏன் அவ்வளவு கண்டிப்பு என்று எனக்கும் நெடுநாள் புரியவில்லை. தெரிந்தவர் ஒரு வரி சொல்லிவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். காரணம் கஞ்சத்தனம் இல்லை. சி தரநிலையைக் கரைத்துக் குடித்தவர்கள் முனையத்தைப் பற்றித் தப்பாகச் சொன்னால் அதைப் பிடித்துத் திருத்த அந்தக் குழுவில் ஆள் இல்லை. திருத்தக்கூடியவர்கள் எல்லாரும் பக்கத்துக் குழுவில் இருக்கிறார்கள். திருத்துவாரில்லாத இடத்தில் நிற்கும் பதில், பதிலே வராததைவிட மோசம். “அங்கே போய்க் கேள்” என்று சொல்வது கேட்டவருக்குச் செய்யும் உதவி.

இது முதல் வகை. கேள்வியில் குறையில்லை, இடம்தான் வேறு.

இரண்டாம் வகைக்கு வெளியே போக வேண்டாம். போன மாதம் நம் குழுவிலேயே பைத்தான் மொழியின் பாண்டாஸ் நூலகம் கொண்டு சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பைப் படித்தால் தமிழ் எழுத்துகள் உடைகின்றன என்று ஒருவர் கேட்டார். முதல் மடல் குறியாக்கத்தை, அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையைப் பற்றி, யுடிஎஃப்-8 என்று சொல்லிப் பார்க்கச் சொன்னது. இரண்டாவது, எக்செல் கோப்பின் தொடக்கத்தில் சேர்க்கும் பைட் வரிசைக் குறியைப் பற்றி. மூன்றாவதில் ஒருவர் “நான் விம்மில் திறந்துதான் பார்ப்பேன்” என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் வந்த 22 மடலும் விம்மா, விஎஸ் கோடா என்பதைப் பற்றி. இரண்டும் நிரல் எழுதப் பயன்படும் மென்பொருள்கள், நிரலாளர் பேசக்கூடியவையே, குழுவின் எல்லையை யாரும் தாண்டவில்லை. ஆனால் கேட்டவரின் கோப்பு உடைந்தபடியே கிடந்தது. அவர் அப்புறம் எழுதவேயில்லை.

இந்த இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், தவறான இடத்துக்கு வந்துவிட்ட புதியவரையும் பேச்சை இழுத்துக்கொண்டு போன பழையவரையும் ஒரே குச்சியால் அடிப்பதாகும். என் கவலையெல்லாம் இதுதான். திட்டு எப்போதும் புதியவருக்கே விழுகிறது.

இரண்டாம் வகைக்குத் தமிழில் 800 ஆண்டுகளாகப் பெயர் இருக்கிறது. புதிதாக ஆக்கவே வேண்டாம். நன்னூல் பாயிரத்தில் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைப் பவணந்தியார் அடுக்கும் இடத்தில் இந்த வரிகள் வரும்:

வெற்றெனத் தொடுத்தல் மற்றொன்று விரித்தல்
சென்றுதேய்ந் திறுதல் நின்றுபயன் இன்மை

மற்றொன்று விரித்தல் என்றால், எடுத்துக்கொண்ட பொருளை விட்டுவிட்டு நடுவில் வேறொன்றை விரித்துரைப்பது. அந்த 22 மடலும் இதுவே. ‘சென்று தேய்ந்திறுதல்’ என்பது எடுப்பாகத் தொடங்கிப் போகப்போக மெலிந்து முடிவது. நம் இழைகளில் பாதி அப்படித்தான் முடிகின்றன. ஆனால் இப்போது வேண்டியது ஒரு சொல்தான், அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

> நன்னூல் சொல் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு எட்டாது ஐயா.

இந்த எதிர்ப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் சொல்லைச் சற்று உற்றுப் பாருங்கள். மற்றொன்று, விரித்தல் இரண்டில் எது கடினம்? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இரண்டும் தெரியும். பழைய நூலில் இருப்பதால் மட்டுமே ஒரு சொல் பழசாகிவிடுவதில்லை. எடுத்துக்கொண்ட பொருளை ‘நுதலிய பொருள்’ என்று நான் சொல்லியிருந்தால் உங்கள் எதிர்ப்பில் முழு நியாயம் இருந்திருக்கும். தொல்காப்பிய மரபியலில் ‘நுதலியது அறிதல்’ என்று ஓர் உத்தி உண்டு, எனக்கு மிகப் பிடித்த தொடர். ஆனாலும் டாபிக்குக்குப் ‘பேசுபொருள்’ என்ற நல்ல சொல் மக்கள் வாயில் இருக்கும்போது அதை இறக்கக் கூடாது.

கலைச்சொல் என்றால் பெயராக, வினையாக, அடைப்புக்குறியில் போடும் குறிச்சொல்லாக எல்லாவற்றுக்கும் வளைய வேண்டும். தலைப்பு விலகலை வைத்துக் குறிச்சொல் ஆக்கிப் பாருங்கள், மடலின் தலைப்பில் பாதி இடத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். [மற்றொன்று] என்று போட்டால் முடிந்தது. இப்போது பலர் போடும் ஓ.டி. என்ற இரண்டெழுத்து நம்மூரில் ஓவர்டைம், இல்லாவிட்டால் ஆபரேஷன் தியேட்டர். முதல்முறை பார்க்கிறவருக்கு அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது விரிதல், விரித்தல் என்ற இணை. தமிழில் தன்வினையும் பிறவினையும் எவ்வளவு அழகாகப் பிரிகின்றன! “இந்த இழையில் மற்றொன்று விரிகிறது” என்று குழுவை மேற்பார்க்கும் மட்டுறுத்துநர் எழுதலாம். யாரையும் சுட்டவில்லை, பேச்சு தானாக அப்படிப் போய்விட்டது என்று பொருள். அதற்கும் அடங்காமல் ஒருவரே இழுத்துக்கொண்டு போனால் “மற்றொன்று விரிக்காதீர்கள்” எனலாம். ஓர் எழுத்து மிகுவதில் முதல் எச்சரிக்கைக்கும் இரண்டாவதற்கும் வேறுபாடு வந்துவிடுகிறது. தடம்புரளலில் இந்த வசதி இல்லை. அதைக் கேட்டாலே ரயில் விபத்துதான் கண்ணில் நிற்கிறது. பேச்சு கிளைப்பது விபத்தில்லை, பல சமயம் நல்ல கிளையாகவும் இருக்கும். அப்படியானால் தனி இழையாகப் பிரித்து, புதுத் தலைப்போடு “முன்னர்: பாண்டாஸ் தமிழ் எழுத்து” என்று அடைப்புக்குள் போட்டுவிட்டால் போதும். யூஸ்நெட்டில் பழைய தலைப்பின் முன் ‘வாஸ்’ (இருந்தது) என்று போடும் வழக்கம் இதுதான். ‘முன்னர்’ என்ற சொல்லை நேற்று தோழி ஒருவர் முன்மொழிந்தார், அதை அப்படியே ஏற்கலாம்.

> நன்னூல் சொன்னது நூலுக்கு. மடற்குழு நூல் இல்லை, திண்ணைப் பேச்சு. நாலும்தான் வரும்.

இதற்கு இரண்டு நாள் யோசித்தேன். எழுதும்போது அது திண்ணைப் பேச்சுதான், மறுக்கவில்லை. ஆனால் திண்ணைப் பேச்சு அன்றோடு கரைந்துவிடும், நம் பேச்சு சேமிப்பில் நிற்கிறது. ஐந்து வருடம் கழித்து ஒரு பெண் “பாண்டாஸ் தமிழ் எழுத்து உடைகிறது” என்று தேடுவாள், தேடுபொறி அவளை இந்த இழைக்குக் கொண்டுவந்து விடும். அவளுக்கு இது நூல். அவள் 25 மடல் படித்து, விம்மில் கோப்பை மூடுவது எப்படி என்று கற்றுக்கொண்டு போவாள். தமிழில் நிரலாக்கம் பற்றி எழுதப்பட்டதே குறைவு, நாம் எழுதுகிற ஒவ்வொரு இழையும் யாருக்கோ பாடநூல் ஆகிறது. அதனால் நூலுக்குச் சொன்னது நமக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

இனி முதல் வகை, அதாவது இடம் மாறி வந்த கேள்வி. புறப்பொருள் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அகம், புறம் என்று இலக்கணம் பயின்றவர் காதில் அது வெட்சி, கரந்தை என்று போய்விடும். இருக்கும் கலைச்சொல்லின் மேல் இன்னொன்றை ஏற்றக் கூடாது. நான் முன்வைப்பது ‘அயல்’. அயற்கேள்வி என்றால் பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டிய கேள்வி. இந்தச் சொல்லுக்குள்ளேயே போக வேறொரு இடம் உண்டு என்ற தகவல் இருக்கிறது, வெறும் மறுப்பு இல்லை. யார் ‘அயல்’ என்று சொன்னாலும், எந்த அயல் என்றும் சொல்லக் கடமைப்படுகிறார். கிளியர் ஸ்கிரீன் கேட்ட மாணவருக்கு “இது அயற்கேள்வி, யூனிக்ஸ் நிரலாளர் குழுவில் கேளுங்கள், கர்சஸ் என்று தேடுங்கள்” என்றால் அவர் தலைகுனியாமல் போவார். யூஸ்நெட்டில் இந்த வேலைக்கு, மடலின் மேலே நிற்கும் குறிப்புகளில் ஃபாலோஅப்-டு என்று ஒரு தலைவரியே உண்டு. பதிலை இங்கே போட்டுவிட்டு, அடுத்த பேச்சு அந்தக் குழுவில் நடக்கட்டும் என்று நிரலே திருப்பிவிடும். நம்மிடம் அந்த வசதி இல்லை, கையால்தான் எழுத வேண்டும்.

மருத்துவத்தில் கண்ணில் விழுந்த தூசி போன்றவற்றை அயற்பொருள் என்பார்கள். அதனால்தான் அயற்பொருள் என்று ஆக்காமல் அயற்கேள்வி என்றேன். யாரையும் தூசியாக்கும் எண்ணம் இல்லை.

கடைசியாக, இழை கடத்தல். ‘கடத்தல்’ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும் நடப்பது இதுதான்: குழுவின் முகவரி நினைவில்லாமல் ஏதோ ஒரு பழைய மடலைத் திறந்து, பதில் பொத்தானை அழுத்தி, தலைப்பையும் உள்ளடக்கத்தையும் அழித்துவிட்டு, புதுக் கேள்வி எழுதுகிறார்கள். எழுதியவருக்கு அது புது மடல். ஆனால் கண்ணுக்குத் தெரியாத இன்-ரிப்ளை-டு, ரெஃபரன்சஸ் தலைவரிகளில் பழைய மடலின் அடையாளம் அப்படியே இருக்கும். தண்டர்பேர்ட், மட் ஆகிய மடல் மென்பொருள்கள் அதைப் பார்த்துத்தான் இழை கட்டுகின்றன, அதனால் புதுக் கேள்வி பழைய இழைக்குள் போய்த் தொங்குகிறது. ஜிமெயில் தலைப்பு மாறினால் தனி உரையாடலாகக் காட்டிவிடும். ஆகவே ஜிமெயிலில் எழுதுகிறவருக்குத் தவறு நடந்ததே தெரியாது! தெரியாமல் செய்ததற்குக் கடத்தல் என்று பெயர் வைப்பது அநியாயம். மாஞ்செடியில் ஒட்டுப் போடுவதுபோல ஓர் இழைத் தண்டில் வேறோர் இழை ஒட்டிக்கொண்டது, அவ்வளவே. ‘ஒட்டிழை’ எனலாம். “உங்கள் கேள்வி ஒட்டிழையாக வந்திருக்கிறது, புது மடலாக அனுப்புங்கள்” என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே தெரிகிறது.

பைக்‌ஷெட்டிங்கையும் இதில் சேர்க்கச் சொன்னவருக்கு: 1999-இல் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் மடற்குழுவில் பௌல்-ஹென்னிங் காம்ப் எழுதிய மடலால் நிரலாளர் நடுவே பரவிய சொல் அது. சின்ன விஷயத்தில் எல்லாரும் கருத்துச் சொல்லிக்கொண்டே இருப்பதைக் குறிக்கும். அது பேசுபொருளுக்குள்தான் நடக்கிறது. அதற்கு வேறு இழை தொடங்குவோம்.

குழு நெறிகளின் வரைவில் இந்தச் சொற்களைப் போட்டுப் பார்த்தேன். 1995 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 1855, இணையப் பண்பு பற்றிய ஆவணம், மடல் சுருக்கமாக இருக்கட்டும், பேசுபொருளை விட்டு அலையாதீர்கள், அடுத்தவரின் எழுத்துப்பிழையைச் சுட்டுவதற்கென்றே மடல் போடாதீர்கள் என்கிறது. புதிதாகச் சேர்ந்தவர் ஒன்றிரண்டு மாதம் படித்துவிட்டு எழுதட்டும் என்றும் சொல்கிறது. இந்தக் கடைசி அறிவுரையை நான் சேர்க்கவில்லை. முதல் கேள்வியோடு வருகிற மாணவரிடம் இரண்டு மாதம் காத்திரு என்று சொல்ல மனம் வரவில்லை. மற்றவை இப்படி வந்திருக்கின்றன:

“ஓர் இழையில் ஒரு பேசுபொருள். மற்றொன்று விரிந்தால் தலைப்பை மாற்றி, ‘முன்னர்’ என்று பழைய தலைப்பைக் காட்டித் தனி இழையாக்குங்கள். நிரலாக்கம் சாராத செய்தியானால் தலைப்பின் முன் [மற்றொன்று] என்று இடுங்கள். அயற்கேள்வி வந்தால் எங்கே கேட்கலாம் என்று சொல்லாமல் மறுக்காதீர்கள். புதுக் கேள்வியைப் புது மடலாக அனுப்புங்கள், ஒட்டிழை ஆக்காதீர்கள்.”

‘மற்றொன்று’ பற்றி எனக்கு ஐயமில்லை. ‘அயல்’ பற்றி இன்னும் சிறு தயக்கம் இருக்கிறது, குறிப்பாக இலங்கை நண்பர்களின் காதில் அது எப்படி விழுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். வரும் ஞாயிறு வரை கருத்துச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு வரைவை மட்டுறுத்துநர்களுக்கு அனுப்புகிறேன்.

அன்புடன்