புதுப்பிப்பு: வார்ப்புக்கு எந்த மெழுகு?

மெழுகு வார்ப்பு முறையில் (மெழுகில் உருவம் செதுக்கி, அதன்மேல் அச்சு கட்டி, மெழுகைச் சுட்டு நீக்கிவிட்டு அவ்விடத்தில் உலோகம் ஊற்றுவது) சிறு வெண்கல உருவங்கள் செய்யப் பாரஃபின் என்னும் பெட்ரோலிய மெழுகு போதுமா, தேன்மெழுகு வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டையும் கலப்பதென இப்போது முடிவு செய்திருக்கிறேன். தனிப் பாரஃபின் செதுக்கும் கத்தியின் கீழ் சில்லுச் சில்லாக உடைகிறது. குளிரும்போது மிகுதியாகச் சுருங்குவதால் தடித்த பகுதிகளில் குழி விழுகிறது. ஏறத்தாழ 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும் தேன்மெழுகோ, இணைப்புகளை நன்றாகப் பற்றிக்கொண்டாலும், விரல் சூட்டிலேயே இளகுவதால் கூரிய விளிம்புகளைத் தாங்குவதில்லை. சரிபாதிக் கலவையில் சிறிது குங்கிலியம் என்னும் மரப்பிசினைச் சேர்த்தபோது, வளைக்கவும் சீவவும் ஏற்ற பதம் கிடைத்தது. மிக நுண்ணிய செதுக்கலுக்கு, 80 டிகிரிக்கு மேல் உருகும் கார்னௌபா என்னும் பனையோலை மெழுகைச் சிறிதளவு கூட்டலாம்.

சாயமிட்ட மெழுகுவர்த்தித் துண்டுகளை அறவே ஒதுக்கிவிட்டேன். அவை எரிந்தபின் எஞ்சக்கூடிய கசடு அச்சின் உட்சுவரில் படிந்து உலோகத்தின் மேற்பரப்பைக் கெடுக்கும். பொறுமையாகச் செதுக்கிய முகம் அப்படிப் பாழாவதை என்னால் ஏற்க முடியாது.

குங்கிலியம் மெதுவாகவே கரைவதால், வெப்பமானி வைத்து மின்னடுப்பில் உருக்குகிறேன். மெழுகின் ஆவி தீப்பற்றக்கூடியது என்பதால் அருகில் திறந்த சுடர் இருக்கவே கூடாது.